முப்பத்திரண்டு குலையில் மழையின் பங்கு

மக்கா,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுத்தான் உனக்கு எழுதத் தொடங்குவேன். இன்று அதற்குப் பொறுமை இல்லை. காலையிலிருந்து அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. ஒரே அரிசியை இரண்டு தடவை கழுவினேன். உன் அப்பா பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு இருந்து எழுது, இல்லேங்கில் நடந்து தீரு. ரெண்டும் ஒண்ணா வேண்டாம், எனக்குத் தலை கறங்குது" என்றார். அதனால் உட்கார்ந்துவிட்டேன். தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் எனக்குப் பள்ளிக்கூட நோட்டீஸ் மாதிரி வருகிறது. நீ எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடு. இன்று திங்கள். தபாலில் போட்டால் புதன்கிழமைக்குள் கொச்சிக்கு வந்து சேராது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து போனில் அனுப்புவேன். புதன்கிழமைக்கு முன்னால் நீ இதை வாசித்திருக்க வேண்டும், அதுதான் காரியம்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ பேசியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல செய்திதான் சொன்னாய். உன் கம்பெனி அமரவிளையில், பழைய செக்போஸ்டுக்குப் பக்கத்தில், ஏத்தன் வாழைக்குலை எடுக்கிற இடம் திறக்கிறது. பாறசாலையிலும் காஞ்சிரங்குளத்திலும் வாழை வைத்திருக்கிறவர்கள் இனி இடையில் நாலு கை மாறாமல் நேரே அங்கே கொடுக்கலாம். அதற்கான திட்டம் முழுக்க உன்னுடையது. வெள்ளிக்கிழமை முதல் லோடு. உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அப்பா போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அப்புறம்தான் அந்த ஒரு காரியத்தைச் சொன்னாய். எத்தனை குலை வேண்டும் என்று மூன்று நாளைக்கு முன்னால் மெசேஜ் போகும். ஆனால் லாரி வருகிற காலை வரைக்கும் அந்த எண்ணிக்கையை உன் கம்பெனி கூட்டலாம், குறைக்கலாம்.

"குலை முந்தின நாளே வெட்டியாச்சே மக்கா. வெட்டினதுக்குப் பிறகு நீங்க குறைச்சா?" என்று கேட்டேன்.

"அது அவங்க ரிஸ்க்மா. எல்லா கம்பெனியிலயும் இப்பிடித்தான். கடையில தேவை மாறிட்டே இருக்கும்லா."

"வெட்டின குலையை வாழையில திரும்ப ஒட்ட முடியாதே."

நீ சிரித்தாய். "அம்மா, நீங்க வேற. விவசாயிங்ககிட்ட கையெழுத்து வாங்கின ஒப்பந்தத் தாள்ல திருத்தம் ஏதாவது இருந்தா புதன்கிழமைக்குள்ள நான் எழுதி அனுப்பணும். அதுக்குப் பிறகு ரெண்டு வருஷத்துக்கு மாத்த முடியாது. இனி ஒண்ணும் மாத்த வேண்டியதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு ஜெபத்தில்கூட மனசு நிற்கவில்லை. கண்ணை மூடினால் குலைகள் வரிசையாகக் கிடக்கின்றன. அந்தக் குலைகளைப் பற்றி உன்னிடம் பன்னிரண்டு வருஷமாக ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உனக்கு புத்தி சொல்ல எனக்கு வாயில்லை.

முதலில் உன் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நீ எழுதின அந்தத் தடிப் புத்தகத்தைக் கொண்டு தந்தாயே, அதை நான் என் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் தாளில் அப்பாவுக்கும் எனக்கும் நன்றி போட்டிருந்தாய். எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா அந்தத் தாளோடு நின்றுவிடுவாள் என்று நினைத்திருப்பாய். நான் நிற்கவில்லை. காலை ஜெபம் முடிந்ததும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். சில நாள் அரைப் பக்கம்தான் ஓடும். சப்ளை செயின் என்றால் ஒரு பொருள் விளைந்த இடத்திலிருந்து சாப்பிடுகிறவன் வாய்க்கு வந்து சேருகிற வழி என்றும், வேல்யூ செயின் என்றால் அந்த வழியில் ஒவ்வொரு கையும் அதற்கு எவ்வளவு மதிப்பு சேர்க்கிறது, எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்ற பார்வை என்றும் நானே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். உன் அப்பா, "உனக்க மோனுக்க கம்பெனிக்கு நீ ஆடிட்டர் ஆக்கும்" என்று கேலி செய்வார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடுவில் ஒரு பக்கத்தில் படம் ஒன்று போட்டிருந்தாய். மேலே கடைக்காரன் பார்க்கிற தேவை. கோடு லேசாக அசைகிறது. அதற்குக் கீழே அவன் மொத்தக் கடையில் கேட்கிற அளவு. கோடு கொஞ்சம் பெரிதாக ஏறி இறங்குகிறது. மொத்தக்கடைக்காரன் கேட்கிறது இன்னும் பெரிது. கடைசியில், விளைவிக்கிறவன் இருக்கிற இடத்தில், அது ஆள் உயரத்துக்கு எழும்பி விழுகிறது. சாட்டையைப் பிடித்த கை ஒரு சாண் அசைந்தால் நுனி எவ்வளவு தூரம் போய் அடிக்குமோ அதுபோல என்று எழுதியிருந்தாய். அந்தச் சாட்டையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்களாம். யாரும் கெட்டவர்கள் இல்லை, ஒவ்வொருவரும் குறைந்துபோகுமோ என்று பயந்து கொஞ்சம் கூட்டிக் கேட்பதால்தான் இப்படி ஆகிறது என்றும் எழுதியிருந்தாய். அதை வாசித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் எழும்பவில்லை. உனக்கு வேடிக்கையாக இருக்கும். நீ ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு கிலோ ஏத்தங்காய் வற்றல் கேட்டாய். ஒன்றரை கிலோவுக்கு நான் காய் சொன்னேன், அப்பா இரண்டு கிலோவுக்கு வாங்கினார், உன் சித்தி தன் பங்குக்கு ஒரு பொதி சேர்த்தாள். கடைசியில் ஹாஸ்டல் வாட்ச்மேன் வரைக்கும் தின்று தீர்க்க வேண்டியதாயிற்று என்று எழுதினாயே. வற்றலாக இருந்ததால் சிரித்தோம். நான் சொல்லப்போகிறதில் சிரிக்க ஒன்றுமில்லை.

நீ பிளஸ் டூ படித்த வருஷம் நம் சபையின் அசனம் உனக்கு நினைவிருக்கும். ஓணத்துக்கு மூன்று வாரம் முன்னால் வந்தது. ஜாதி மதம் பார்க்காமல் வருகிற அத்தனை பேரையும் பந்தியில் இருத்திச் சோறு போட்டு, போகும்போது ஆளுக்கு ஒரு பொதி வற்றல் கையில் கொடுத்து அனுப்புவது நம் சபைக்கு வழக்கம். வற்றல் கடையில் வாங்குவதில்லை. பெண்கள் நாங்கள் முந்தின நாளும் அசனத்தன்று காலையும் இருந்து, காயைச் சீவி எண்ணெயில் வறுப்போம். எவ்வளவு காய் வேண்டும் என்று சொல்கிற பொறுப்பு என்னுடையது, ஏனென்றால் என்னிடம் நோட்டு உண்டு. காசுக் கணக்கு எப்போதும் அப்பாவுடையது. என்னுடையது பண்டக் கணக்கு. எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு வைத்தோம், மிச்சம் எவ்வளவு. அந்த மிச்சம் என்கிற கட்டத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். போன வருஷத்தையும் அதற்கு முந்தின வருஷத்தையும் பார்த்து, புதிதாக வந்த குடும்பங்களையும் சேர்த்து, முப்பது குலை போதும் என்று கண்டேன். சரியான எண்ணம் அது. இன்றைக்குப் பார்த்தாலும் சரிதான்.

ஆனால் அதற்கு முந்தின வருஷம் கடைசிப் பந்திக்கு வற்றல் பற்றவில்லை. ஓடியாடிப் பரிமாறினவர்கள் இருந்த பந்தி அது. "நோட்டெல்லாம் பெரிசாத்தான் இருக்கு, பொதிதான் சிறிசாப் போச்சு" என்று ஒருத்தி எல்லாரும் கேட்கச் சொன்னாள். அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது. கர்த்தருடைய வீட்டில் ஒருவரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முப்பது என்பதை முப்பத்தாறு ஆக்கினேன். பக்தியால் கூட்டினேன் என்றுதான் அன்று நினைத்தேன். இல்லை மக்கா, மானத்துக்குப் பயந்து கூட்டினேன். அந்த எண்ணம் பெண்கள் சங்கத் தலைவியான எஸ்தர் பெரியம்மாவிடம் போனது. அவளுக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். நாற்பத்தைந்து என்று பாறசாலை மொத்தக்கடை செல்வராஜிடம் சொன்னாள். சபைக்காரர்கள் கடைசி நேரத்தில் இன்னும் கொண்டா என்று ஓடி வருவார்கள் என்று செல்வராஜுக்குத் தெரியும். அவர் அறுபது என்று நேசையன் மாமாவிடம் சொன்னார். யாரும் யாரிடமும், இதில் உனக்குத் தேவை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று கேட்கவில்லை. அந்த அறுபதுதான் தேவை என்று நம்பின ஒரே ஆள் வாழை வைத்திருந்த நேசையன் மாமா.

அப்போது அவர் வருஷக் குத்தகையாகப் பாட்டத்துக்கு நிலம் எடுத்து ஏத்தன் போட்டிருந்தார். அவரிடம் விளைந்த குலை முப்பத்தெட்டுதான் இருந்தது. மீதி இருபத்திரண்டும் ஓணத்துக்கென்று விட்டு வைத்தவை. மூன்று வாரம் நின்றால்தான் காய் முற்றும். சபைக்காரியம், பற்றாமல் போகக் கூடாது என்று அவர் அவற்றையும் வெட்டினார். அசனத்தன்று விடியும்போதே மழை. வெளியூர்க்காரர்கள் வரவில்லை. இருபத்தெட்டு குலை போதுமானதாக இருந்தது. பிஞ்சுக் காயை வறுத்தால் மஞ்சள் நிறம் ஏறாது, எண்ணெயைக் குடித்துக்கொண்டு வெளுத்துக் கிடக்கும். ஆகவே பெண்கள் முதலிலேயே நல்லதைப் பார்த்து எடுத்துக்கொண்டோம். சபைக்கு வந்த நாற்பத்தைந்தில் பதினேழு மிச்சம். செல்வராஜ் கடையில் வைத்திருந்த பதினைந்தும் அதோடு சேர்ந்தது. முப்பத்திரண்டு குலையும் திரும்ப நேசையன் மாமாவின் தலையில்.

அவர் லோடு ஆட்டோவோடு சபையின் பின்பக்கம் வந்து மழையில் நின்றது உனக்கு மறக்காது, ஏனென்றால் குலைகளை ஏற்றிக் கொடுத்தது நீதான். "இது யாருக்க கணக்கு?" என்று அவர் கேட்டார். எஸ்தர் பெரியம்மா, "நான் கொஞ்சந்தான் கூடச் சொன்னேன் நேசையா, மழை சதிச்சுப் போச்சு" என்றாள். செல்வராஜ் குடைக்குள்ளிருந்து, "நானும் கொஞ்சந்தான்" என்றார். நான் கையில் சட்டுவத்தோடு வாசலில் நின்றேன். என் நோட்டு இடுப்பில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நீ கேட்டாய், "அம்மா, கணக்கு எங்க தப்பாப் போச்சு?" என்று. நான் சொன்னேன், "ஆண்டவர் மழை பெய்ய வச்சாரு மக்கா, நாம என்ன செய்ய?" என் தப்பை எடுத்து ஆண்டவர் மேல் வைத்தேன். நீ அதை நம்பினாய். அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. கணக்கு சரியாகத்தான் இருந்தது, வானம்தான் தப்பு என்று நம்புகிற பிள்ளையாக உன்னை நான்தான் ஆக்கினேனோ என்று சனிக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன்.

பெரும்பாலான குலை வீணாயிற்று. முற்றினதைச் சில வீடுகளில் வாங்கினார்கள், பிஞ்சை ஆட்டுக்குப் போட்டார். ஓணத்துக்கு விற்க அவரிடம் குலை இல்லை. அடுத்த வருஷம் பாட்டம் எடுக்கவும் வழியில்லை. காரக்கோணத்தில் ஒரு கட்டிடத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பார்ப்பேன். தோத்திரம் சொல்லுவார், நானும் சொல்லுவேன். என் நோட்டில் அந்த வருஷத்துக்கு மிச்சம் என்ற கட்டம் மட்டும் காலி. அப்புறம் நான் அசனத்துக்கு வேறு முறை கொண்டுவந்தேன். ஒரு பலகையில் இரண்டு கட்டம் போட்டு உக்கிராண அறை வாசலில் வைத்தேன். ஒன்று தேவை, மற்றது பயம். எல்லாரும் ஒரே பலகையைத்தான் பார்க்க வேண்டும். கூட்டிக் கேட்கிறவர்கள் பயம் என்ற கட்டத்தில் தங்கள் பெயரோடு எழுத வேண்டும். அது மிஞ்சினால் அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், விளைவித்தவன் தலையில் திரும்ப வைக்கக் கூடாது. முதல் வருஷம் எஸ்தர் பெரியம்மா, "இதென்ன, பாவ அறிக்கையா?" என்று கோபித்துக்கொண்டாள். எழுதத்தான் செய்தாள், இரண்டு குலை. அதற்குப் பிறகு மிச்சம் ஒன்று இரண்டைத் தாண்டவில்லை. இப்படி எல்லாருக்கும் முறை சொல்லிக்கொடுத்தேனே தவிர, நேசையன் மாமாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி நேற்று நடந்தது. உன் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் நேசையன் மாமாவும் உண்டு என்று உனக்குத் தெரியும். வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு காஞ்சிரங்குளத்தில் பாட்டத்துக்கு எடுத்து முந்நூறு ஏத்தன் போட்டிருக்கிறார். நேற்று ஆராதனை முடிந்ததும் நான் வீட்டுக்கு வராமல் நேரே பஸ் ஏறினேன். அவர் வாழைக்குள் நின்று உலர்ந்த இலையை அறுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாழையிலும் குலை தள்ளின நாளுக்குத் தக்கபடி கலர் துணி கட்டியிருந்தது. சிவப்பு கட்டினது முதலில் வெட்ட, பச்சை அப்புறம். என்னைப் பார்த்ததும், "யாரு, நோட்டுக்காரியா? இங்க எண்ண வந்தியா?" என்றார்.

"எண்ணத்தான் வந்தேன் அண்ணே. பழைய எண்ணம் ஒண்ணு உண்டு."

நின்றபடியே சொன்னேன். முப்பது, முப்பத்தாறு, நாற்பத்தைந்து, அறுபது. மற்றவர்கள் கூட்டினது எவ்வளவு என்று நான் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொன்னேன். அவர் அறுக்கிறதை நிறுத்தவில்லை. இரண்டு வாழை தாண்டிப் போய்த் திரும்பி நின்று விரலை மடக்கத் தொடங்கினார்.

"ஒனக்கது ஆறு. எஸ்தருக்க ஒம்பது. செல்வராசனுக்க பதினஞ்சு. முப்பது ஆச்சா? எனக்கு வந்தது முப்பத்திரண்டுல்லா?"

"முப்பது குலை வேண்டிய இடத்தில இருபத்தெட்டுதான் செலவாச்சு அண்ணே. ஆளு வரல."

"அப்பம் மழைக்கு ரெண்டு." மடக்கின விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ரெண்டே ரெண்டு. பன்னெண்டு வருஷமா நான் முப்பத்திரண்டுக்கும் சேர்த்து ஆண்டவர்கிட்ட சண்டை போட்டுட்டிருந்தேன், பிள்ளே. அவருக்க பேர்ல ரெண்டு குலைதான் உண்டுன்னு நீ இப்பமா வந்து சொல்லுத?"

நான் அழுதுவிட்டேன். அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அழாதே. ஆறு குலை. ஆறு குலைக்கு ஒருத்தி பன்னெண்டு வருசம் வாய் திறந்து மிண்டாம இருப்பாளா? அன்னைக்கே சொல்லியிருந்தா, ஆறை நீ எடு, ஒம்பதை அவ எடுக்கட்டு, பதினஞ்சை அவனுக்க கடை வாசல்ல கொண்டு தட்டிட்டு நான் வீட்டுக்குப் போயிருப்பேன். பாட்டம் போயிருக்காதே." அது உண்மை. நான் செய்த தப்பு ஆறு குலை. வாயை மூடிக்கொண்டிருந்த தப்பு முப்பது குலை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், "அண்ணே, எனக்க மோன் கொடுத்த தாளை வாசிச்சீங்களா? எண்ணத்தைக் காலையில மாத்தலாம்னு அதில ஒரு வரி உண்டு."

"வாசிச்சேன். மலையாளம் எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் ஒப்புப் போட்டீங்க?"

"அவன் எழுதினதுன்னு சொன்னாங்க. அன்னைக்கு மழையில நின்னு எனக்க குலையை ஒவ்வொண்ணா ஏத்தித் தந்தவன்லா அவன். அந்த வரி சும்மா கிடக்கும், அவன் அதை எடுக்க மாட்டான்னு நினைச்சேன்." என் முகத்தைப் பார்த்தார். "எடுப்பானோ?"

அதற்கு நான் என்ன சொல்ல, நீயே சொல்லு. உன்னைப் பெற்றவள் நான், உன் கையெழுத்து எப்படி இருக்கும், உனக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று எல்லாம் தெரியும். இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "புதன்கிழமை தெரியும் அண்ணே" என்றேன். அவர் கையிலிருந்த வெட்டோத்தி அரிவாளை ஒரு வாழையிலையில் சுற்றி என்னிடம் நீட்டினார். "நாளை மறுநாள் மெசேஜ் வரும். வந்தா எனக்க கை சும்மா இருக்காது, வெட்டிரும். இது ஒனக்க வீட்டில இருக்கட்டு. வெட்டினதை எடுத்தே தீருவோம்னு அவன் எழுதித் தந்தா வியாழக்கிழமை காலையில இதைக் கொண்டு வா, நான் வெட்டுதேன். இல்லேங்கில் கொண்டு வர வேண்டாம். குலை நிக்கட்டு. நாலு கை மாறினாலும் சந்தைக்காரனுக்குக் கொடுக்கேன், அவன் வெட்டும்போது நேர்ல நிப்பான்."

வரும்போது பஸ்ஸில் என் பையில் வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வெட்டோத்தியின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "பள்ளி களிஞ்ஞு ஆரெ வெட்டான் போகுந்நு, அம்மச்சீ?" என்றான், ஆராதனை முடிந்து யாரை வெட்டப் போகிறேனாம். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டில் வந்து பார்க்கிறேன், உள்ளங்கை முழுக்க வாழைக்கறை. சோப்புப் போட்டும் போகவில்லை. இதோ இந்தத் தாளின் ஓரத்தில் பட்டிருக்கிறது, படத்தில் உனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன், கேள். கடையில் தேவை மாறும் என்கிறாய், மாறட்டும். உன் கம்பெனிக்குப் பயம் உண்டு, அதுவும் சரி. எனக்கே ஒரு வற்றல் பொதிக்கு எவ்வளவு பயம் இருந்தது! ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொள்ள உங்களிடம் இடம் இருக்கிறது. ஒரு நாள் குலை மிஞ்சினால் வறுக்கக் கொடுக்கலாம், பழுக்க வைக்கலாம், வேறு ஊருக்குத் திருப்பிவிடலாம். எத்தனையோ கடைகள் உங்கள் கையில். நேசையன் மாமாவிடம் ஓர் ஆடுதான் இருக்கிறது. ஆகவே தாளில் இரண்டு கட்டம் போடு. தேவை இவ்வளவு, இது மாறாது, வெட்டினால் எடுப்போம். கூடுதலாக இவ்வளவு வேண்டிவரலாம். அதை வெட்டாமல் வாழையிலேயே நிறுத்தி வையுங்கள், வேண்டுமென்றால் முந்தின நாள் மத்தியானத்துக்குள் சொல்லுவோம், வெட்டச் சொன்னால் அதுவும் எங்களுடையது. வாழையில் நிற்கிற குலை பத்து நாள் பொறுக்கும். வெட்டின குலை பொறுக்காது. உன் படிப்பில் இதற்கு வேறு பெரிய பெயர் இருக்கும். பெயர் எதுவானாலும் காரியம் இதுதான்.

இதுவரை எழுதினதை உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். லாரி ஓட்டின நாளில் ஏத்தன் லோடோடு அமரவிளை செக்போஸ்ட் வரிசையில் ஒரு பகலும் இரவும் நின்றிருக்கிறார். முன்னால் இருந்த லாரியின் தார்ப்பாய்க்குக் கீழே காய் மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பழுத்ததைக் கொண்டு வந்ததற்கு வியாபாரி அவரைத்தான் ஏசினான். வீட்டுக்கு வந்தபின் நானும் ஏசினேன். "இப்பம் செக்போஸ்ட் இல்ல, வரிசை இல்ல. ஒனக்க மோன் அதே இடத்தில ஒரு தாளை வச்சு நிறுத்துதானே" என்றார். அவ்வளவுதான் சொன்னார், மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார். ஆனால் பக்கம் திருப்பவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் வேலை போகும்படி ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. மேலே இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நீ எழுதியும் அவர்கள் அடித்துவிடலாம். அது அவர்கள் பங்கு. உன் பங்கு நீ எழுதுவது. யாருடைய பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற துணிவு உன் அம்மாவுக்கு பன்னிரண்டு வருஷம் இல்லாமல் போயிற்று. அதை உனக்குச் சொத்தாகக் கொடுத்துவிட்டுப் போக எனக்கு மனசில்லை. இன்று காலையில் பழைய நோட்டை எடுத்து அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பினேன். மிச்சம் முப்பத்திரண்டு, அதில் என்னுடையது ஆறு, மழையுடையது இரண்டு. மை வேறு நிறமாக இருக்கிறது, இருக்கட்டும்.

வெட்டோத்தி அடுக்களை அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் அதில்தான் போகிறது. புதன்கிழமை நீ அனுப்பினதும் எனக்கு ஒரு போன் பண்ணு. கொண்டு போங்க, அல்லது வேண்டாம்; ஒரு வார்த்தை போதும், நான் உன்னைத் திட்ட மாட்டேன். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நான் இறங்குவேன். பையில் வெட்டோத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய வாழைக்குள் போய் நின்று, எனக்க மோன் இப்படித்தான் எழுதினான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். இந்தத் தடவை மழை என்று சொல்ல மாட்டேன் மக்கா.

அம்மா